மூச்சின் அளவு யாருக்காக? நுரையீரல் நோய்ச் செயலிகளின் முன்வரலாறு

சற்று நீளமான பதிவு. மருத்துவ வரலாறு, பொதுச் சுகாதாரம், சமூகவியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) போன்றவற்றுக்கான திறன்பேசிச் செயலிகளைப் பற்றிய கட்டுரைகள் பலவும் ஏறத்தாழ ஒரே வாதத்துடன் தொடங்குகின்றன: திறன்பேசி எல்லார் கைக்கும் வந்துவிட்டது; ஆகவே நோயாளி இனித் தம் நோயைத் தாமே கண்காணித்து, தாமே நிர்வகித்துக்கொள்ள இயலும். இந்த ‘ஆகவே’ எளிதில் கடந்துவிடக்கூடிய சொல் அன்று. கருவி கைக்கு வருவதற்கும், நோய் குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் கைக்கு வருவதற்கும் இடையே உள்ள தொலைவை அது மறைத்துவிடுகிறது. அத்தொலைவை அளக்க வேண்டுமானால் திறன்பேசிக்கு முந்தைய காலத்துக்குச் செல்ல வேண்டும்.

இத்தகைய செயலி ஒன்றைத் திறந்து பார்த்தால், அது பொதுவாக மூன்று வேலைகளைச் செய்வதைக் காணலாம். முதலாவதாக, ஓர் எண்ணைக் கேட்கிறது: ஊதிப் பெற்ற அளவு, இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு, அல்லது இருமல், சளி, மூச்சிரைப்பு ஆகியவற்றுக்கான மதிப்பெண். இரண்டாவதாக, அந்த எண்ணுக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு நிறத்தைக் காட்டி, செய்ய வேண்டியதைச் சொல்கிறது. மூன்றாவதாக, மருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதா என்பதைப் பதிந்து, பல நேரங்களில் அப்பதிவை வேறொருவருக்கு அனுப்புகிறது. எண், நிறம், பதிவு ஆகிய இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. அத்தேவைகளின் தடயங்கள் இன்றைய செயலிகளிலும் அழியாமல் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. எண்

மூச்சை எண்ணாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஹட்சின்சன். 1846இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வுரையில் ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியை விரிவாக விளக்கினார். ஆழ மூச்சிழுத்து முழுவதுமாக வெளிவிடும் காற்றின் கொள்ளளவை நீரில் மிதக்கும் உருளையின் உயர்வால் அளக்கும் கருவி அது. மாலுமிகள், காவலர்கள், போர்வீரர்கள், மல்லர்கள், ஏழையர் விடுதியில் இருந்தோர், கனவான்கள் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அவர் அளந்தார். அந்த அளவு உயரத்தோடு ஒழுங்காகக் கூடுவதையும், காசநோய் வெளிப்படையாகத் தெரியும் முன்பே குறையத் தொடங்குவதையும் கண்டார். ‘உயிர்க் கொள்ளளவு’ என்ற கருத்தாக்கம் அவருடையது.

இந்த எண் யாருக்குத் தேவைப்பட்டது? ஹட்சின்சன் ஆயுள் காப்பீட்டுத் துறையோடு தொடர்புடைய மருத்துவர். ஒருவர் விரைவில் இறந்துவிடுவாரா, அவருக்குக் காப்பீடு வழங்கலாமா, அவரைப் படையில் சேர்க்கலாமா என்னும் வினாக்களுக்கு விடையாகவே இக்கருவியின் பயன் பேசப்பட்டது. ஊதியவர் தம் எண்ணைக் கொண்டு செய்யக்கூடியது எதுவும் அன்று இல்லை. எண் அவரிடமிருந்து பெறப்பட்டது. அவரைப் பற்றி முடிவெடுப்பவரிடம் சென்று சேர்ந்தது.

இவ்வெண்ணின் அடுத்த கட்ட வரலாறு இன்னும் கசப்பானது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைமுறையை ஆதரித்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பின மக்களின் நுரையீரல் கொள்ளளவு இயல்பிலேயே குறைவு என்று வாதிட ஸ்பைரோமீட்டரைப் பயன்படுத்தினார். உள்நாட்டுப் போருக்குப்பின் படைவீரர்களை அளந்து எழுதப்பட்ட நூல்கள் இக்கூற்றுக்குப் புள்ளிவிவரத் தோற்றம் அளித்தன. வறுமையும் புகையும் ஊட்டக்குறைவும் ஏற்படுத்திய வேறுபாடு இனத்தின் இயல்பாக எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது ‘இனத் திருத்தம்’ என்ற பெயரில் கருவியின் கணக்கீட்டுக்குள்ளேயே குடியேறியது. லண்டி பிரவுன் 2014இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை ஆவணங்களோடு விளக்குகிறது.

செயலியைப் பற்றிய கட்டுரையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். ‘எதிர்பார்க்கப்படும் அளவில் இத்தனை விழுக்காடு’ என்று செயலி சொல்லும்போது, அந்த எதிர்பார்ப்பு எந்த மக்களை அளந்து பெறப்பட்டது என்ற வினா உடன் வருகிறது. 2012இல் வெளியான உலகளாவிய நுரையீரல் அளவைச் சமன்பாடுகளில் இந்தியத் துணைக்கண்டத்துக்கெனத் தனித் தொகுதி இடம்பெறவில்லை. 2023இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இனம் சாராத பொதுச் சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. ஒரே மனிதர், ஒரே ஊதல். தேர்ந்தெடுக்கும் சமன்பாட்டைப் பொறுத்து அவர் நலமுடையவராகவோ நோயாளியாகவோ ஆகக்கூடும். திரையில் தெரியும் எண்ணுக்குப் பின்னால் உள்ள இத்தேர்வு பயனருக்குத் தெரிவதில்லை.

இதே எண்ணைத் திறன்பேசியே அளக்க முடியும் என்று காட்டியது வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு. 2012இல் அவர்கள் அறிமுகப்படுத்திய ‘ஸ்பைரோஸ்மார்ட்’, பேசியை எட்டிப் பிடித்து ஊதும்போது எழும் ஒலியை அதன் ஒலிவாங்கி வழியாகப் பகுத்து நுரையீரல் அளவைக் கணித்தது. 52 தன்னார்வலர்களிடம் நடந்த சோதனையில், மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட அதன் சராசரிப் பிழை சுமார் 5 விழுக்காடு. 2016இல் வந்த ‘ஸ்பைரோகால்’ இன்னும் ஒரு படி சென்றது: திறன்பேசி இல்லாதவர் சாதாரணத் தொலைபேசி அழைப்பிலேயே ஊதி அளவைப் பெறலாம். தொழில்நுட்ப நோக்கில் இவை உண்மையான சாதனைகள். ஆனால் இவை தீர்த்தது ஹட்சின்சனின் சிக்கலை, அதாவது அளப்பதன் சிக்கலை. அளந்த பின் என்ன என்பது வேறொரு மரபில் எழுந்த கேள்வி.

2. நிறம்

அம்மரபு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகே தொடங்குகிறது. பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் தெற்கு வேல்ஸில் சுரங்கத் தொழிலாளரின் தூசி நோயை ஆராய ஒரு பிரிவை நிறுவியிருந்தது. அங்கு பணியாற்றிய பாசில் மார்ட்டின் ரைட், மெக்கெரோவுடன் சேர்ந்து 1959இல் ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ என்னும் கருவியை விவரித்தார். மூச்சை முழு விசையோடு வெளிவிடும்போது காற்று அடையும் உச்ச வேகத்தை அது அளக்கும். ஸ்பைரோமீட்டரைப் போல் மேசையோடு கட்டுண்ட கருவி அன்று, தூக்கிச் செல்லலாம். 1970களின் பிற்பகுதியில் அதன் சிறிய, விலை குறைந்த பிளாஸ்டிக் வடிவம் வந்தது. அப்போதுதான் மூச்சை அளக்கும் கருவி பெருமளவில் நோயாளியின் வீட்டுக்குள் நுழைந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அதுவரை மருத்துவர் கண்ணில் படாத ஒன்று தெரியவந்தது. 1977இல் மார்கரெட் டர்னர்-வார்விக், நோயாளிகள் நாள்தோறும் பலமுறை ஊதிக் குறித்த அளவுகளை வரைபடமாக்கி, ஆஸ்துமா நோயாளிகள் சிலருக்கு விடியற்காலையில் மூச்சளவு ஆழமாகச் சரிவதைக் காட்டினார். முற்பகலில் மருத்துவமனைக்கு வரும்போது அவர்கள் ஓரளவு தேறியிருப்பார்கள். அவர்களது இரவை மருத்துவர் அறிய வழியில்லை. நோயாளி தாமே எடுத்த அளவு மருத்துவரின் அறிவையே திருத்திய தருணம் இது. தன் அளவீட்டின் வரலாற்றில் இதைவிட முக்கியமான நிகழ்வு குறைவு.

அடுத்த படி, அளவைச் செயலோடு இணைப்பது. 1989இல் பீஸ்லி, கஷ்லி, ஹோல்கேட் ஆகியோர் வயது வந்த ஆஸ்துமா நோயாளிகளுக்கான எழுத்துவழித் திட்டம் ஒன்றை வெளியிட்டனர். அளவு ஒரு வரம்புக்குக் கீழே போனால் உறிஞ்சு மருந்தை இரட்டிப்பாக்கு. இன்னும் கீழே போனால் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கு. அதற்கும் கீழே போனால் உடனே மருத்துவ உதவி நாடு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் போக்குவரத்து விளக்கு வடிவம் இக்காலத்தில்தான் பரவி, 1991இன் அமெரிக்க ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது. நியூசிலாந்தில் வைராரப்பா பகுதியின் மாவோரி மக்களிடையே இத்திட்டம் வங்கிக் கடனட்டை அளவிலான ஓர் அட்டையாக வழங்கப்பட்டது. ஒரு பக்கம் பீக் ஃப்ளோ அளவுகள்; மறுபக்கம் கருவி இல்லாதபோது பயன்படுத்த அறிகுறிகள். 1994இல் வெளியான ஆய்வு நோயாளிகளின் நிலை மேம்பட்டதைக் காட்டியது.

இன்றைய செயலியின் திரை பெரும்பாலும் இந்த அட்டையின் மின்வடிவமே. ஆனால் அட்டை தனியாகச் செல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாவோரி மக்கள் தங்கள் பொதுக்கூடங்களில் நடத்திய மருத்துவ முகாம்களில், அவர்கள் நம்பிய மனிதர்களின் கையால் அது வழங்கப்பட்டது. அட்டை எடுக்கச் சொன்ன மருந்து வீட்டில் இருந்தது. மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கும் உரிமை முன்கூட்டியே அளிக்கப்பட்டிருந்தது. எண்ணை நோயாளியின் கருவியாக்கியவை இந்த மூன்றும்தாம். அட்டையைத் திரைக்கு மாற்றுவது எளிது. இம்மூன்றையும் மாற்றுவது எளிதன்று.

3. பதிவு

செயலியின் மூன்றாம் வேலையான கண்காணிப்புக்கு ஒரு தொடக்கம் நம் சென்னையில் உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகியவை இணைந்து அங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. அன்று உலகெங்கும் காசநோய்க்கு சானடோரியமே உரிய இடம் என்று கருதப்பட்டது. ஓய்வும் நல்லுணவும் தூய காற்றும் மருந்துக்குச் சமமானவை என்று நம்பப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் மற்றவருக்கு நெரிசல் மிகுந்த அவர்களது வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தது. 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகின் எண்ணத்தையே மாற்றியது: வீட்டில் சிகிச்சை பெற்றோரின் நிலை பெரிதும் மற்றவரை ஒத்திருந்தது, உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கும் தொற்று அபாயம் அதனால் கூடவில்லை.

ஏழை நோயாளி வீட்டிலிருந்தபடியே நுரையீரல் நோயை வெல்ல முடியும் என்பதற்கான மிக வலுவான சான்றுகளுள் ஒன்று இது. அதே மையத்தில் இன்னொரு கவலையும் பிறந்தது. வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையில் விழுங்குகிறாரா? 1958இல் ஃபாக்ஸ் எழுதிய கட்டுரை ஒன்றின் பொருளே நோயாளி தாமே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கல்தான். முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணுதல், சிறுநீரில் மருந்தின் தடயத்தைச் சோதித்தல் ஆகிய முறைகள் கையாளப்பட்டன. விடுதலையும் ஐயமும் ஒரே கட்டடத்தில், ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் பிறந்தன எனலாம். ஐயத்தின் வழி வந்ததே சுகாதாரப் பணியாளர் கண்முன் மருந்தை விழுங்கச் செய்யும் முறை. 1990களில் அது ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலகக் கொள்கையாயிற்று.

இதே ஐயம் ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. மருத்துவத்திலும் எழுந்தது. 1956இல் ரைக்கர் நிறுவனம் அளவிட்ட மருந்தைத் தெளிக்கும் கையடக்க இன்ஹேலரை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், மூச்சிரைப்பவரின் சட்டைப்பையிலேயே மருந்து வந்துவிட்டது. அது எப்போது பயன்படுத்தப்படுகிறது என்பதை நோயாளியே அறிவார். 1980களில் இன்ஹேலர் அழுத்தப்படும் ஒவ்வொரு நேரத்தையும் பதியும் மின்னணுக் கருவி வந்தது. அமெரிக்காவின் பெரிய நுரையீரல் ஆய்வு ஒன்றில் அது பொருத்தப்பட்டபோது கிடைத்த முடிவுகளைச் சிந்தியா ராண்ட் குழுவினர் 1992இல் வெளியிட்டனர். நாள்தோறும் சராசரி மூன்று முறை பயன்படுத்துவதாகச் சொன்னோர் 73 விழுக்காட்டினர். கருவியின்படி ஏறத்தாழ அவ்வாறு செய்தோர் 15 விழுக்காட்டினர். 14 விழுக்காட்டினர் மூன்று மணி நேரத்துக்குள் நூறு முறைக்கு மேல் அழுத்தியிருந்தனர். மருத்துவமனைக்கு வரும் முன் மருந்துக்குடுவையைக் காலி செய்து காட்டுவதே அதன் நோக்கம்.

இதனை நோயாளியின் பொய் என்று மட்டும் வாசிப்பது எளிது. 2000இல் அதே ஆய்வின் தரவிலிருந்து வெளியான மற்றொரு கட்டுரை வேறொரு வாசிப்பைத் தருகிறது. கருவி நேரத்தைப் பதிகிறது என்பதை அறியாதோரில் சுமார் 30 விழுக்காட்டினர் இவ்வாறு குடுவையைக் காலி செய்தனர். பதிவு குறித்து அறிவிக்கப்பட்டு, அப்பதிவு தங்களுக்கே காட்டப்பட்டோரில் அவ்வாறு செய்தவர் 135 பேரில் ஒருவரே. பதிவு தம்மோடு பகிரப்பட்டபோது காலி செய்து காட்டும் தேவை ஏறக்குறைய மறைந்துவிட்டது. செயலிகளை வடிவமைப்போர் முதலில் படிக்க வேண்டிய முடிவு இது என்று கருதுகிறேன்.

இம்மரபின் இந்திய நீட்சி ‘99டாட்ஸ்’. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் உருவான இம்முறையில், மாத்திரையைப் பிரித்தெடுக்கும்போது அட்டையில் மறைந்திருக்கும் தொலைபேசி எண் வெளிப்படும். அவ்வெண்ணுக்குக் கட்டணமில்லா அழைப்பு விடுத்தால் அன்றைய மருந்து எடுக்கப்பட்டதாகப் பதிவாகும். திறன்பேசி தேவையில்லை, செலவில்லை. எளிமையில் மிகச் சிறந்த சிந்தனை. ஆனால் 2020இல் வெளியான மதிப்பீடு ஒன்றில், சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் அழைப்புப் பதிவுகள் முன்னறிவிப்பற்ற வீட்டு வருகையின்போது செய்த சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிடப்பட்டபோது, அவை போதிய அளவு ஒத்துப்போகவில்லை. மருந்து எடுத்தவர் அழைக்கவில்லை. அழைத்தவர் எடுக்காமலும் இருந்தார். தொலைபேசி வசதியின்மை, எழுத்தறிவு வேறுபாடு, நோய் வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்குப்பின் அதே நகரத்தில், கைபேசியின் சொல்லைச் சரிபார்க்க மீண்டும் சிறுநீர்ச் சோதனையே தேவைப்பட்டது.

4. ‘தன்மேலாண்மை’ என்னும் சொல்

எண், நிறம், பதிவு ஆகியவற்றை ஒன்றாகக் கட்டும் சொல் ‘தன்மேலாண்மை’. நாள்பட்ட நோய் தொடர்பாக இச்சொல்லை முதலில் கையாண்டோருள் ஒருவர், அமெரிக்காவின் டென்வரில் ஆஸ்துமாக் குழந்தைகளோடு பணியாற்றிய உளவியலாளர் தாமஸ் கிரீர். 1970களில் அவர் இச்சொல்லால் குறித்தது, குழந்தை தன் சிகிச்சையில் செயலூக்கமுள்ள பங்காளி என்பதை. மருத்துவர் சொன்னதைச் செய்தல் என்ற பொருள் அதற்கு இல்லை.

இப்பொருளை மேலும் விரித்தவர்கள் சமூகவியலாளர்கள் ஜூலியட் கார்பின், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ். 1985இல் அவர்கள் வீட்டில் நாள்பட்ட நோயோடு வாழ்வதை மூன்று வகை உழைப்பாகப் பிரித்தனர்: நோய்க்கான உழைப்பு, அன்றாட வாழ்வை நடத்தும் உழைப்பு, நோயால் மாறிப்போன தன் வாழ்வுக்கு மீண்டும் பொருள் காணும் உழைப்பு. மூச்சிரைப்பவர் மருந்து எடுப்பது முதல் வகை. மாடிப்படி ஏறாமல் வேலையை முடிக்க வழி காண்பது இரண்டாம் வகை. முன்பு செய்த வேலையைச் செய்ய முடியாதவராகத் தம்மை ஏற்றுக்கொள்வது மூன்றாம் வகை. செயலிகள் பெரும்பாலும் முதல் வகையை மட்டுமே அறியும். அதிலும் எண்ணாக மாறுவதை மட்டுமே அறியும்.

5. சோதனைகள் சொன்னவை

சி.ஓ.பி.டி. விஷயத்தில் தன்மேலாண்மை பயன் தருமா என்பது முறையாகச் சோதிக்கப்பட்டுள்ளது. நான்கு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு பாடம் துலங்கும்.

2003இல் ஜான் பூர்போ குழுவினர் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஏழு மருத்துவமனைகளின் 191 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, தன்மேலாண்மைக் கல்வியால் நோய்த் தீவிரத்துக்கான மருத்துவமனைச் சேர்க்கை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. பயன்பட்ட தொழில்நுட்பம் ஒரு கையேடும் தொலைபேசியும். கூடவே, வாரந்தோறும் வீட்டுக்கு வந்து கற்பித்து, பின்னர் மாதந்தோறும் அழைத்து விசாரித்த பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தார்.

2012இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு, ஒத்த நோக்கமுடைய திட்டத்தைச் சோதித்தது. 426 பேர் சேர்ந்திருந்த நிலையில் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. திட்டம் பெற்ற பிரிவில் 28 இறப்புகள். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 10. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை ஆய்வாளர்களால் உறுதியாகக் கண்டறிய இயலவில்லை. தன்மேலாண்மை, பயன் தராவிட்டாலும் தீங்கு செய்யாது என்னும் எண்ணத்தை இந்த ஆய்வு உடைத்தது.

2013இல் ஹிலாரி பினக் குழுவினர் ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் 256 பேரிடம் தொலைக் கண்காணிப்பைச் சோதித்தனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் தொடுதிரையில் அறிகுறிகளையும் ஆக்சிஜன் அளவையும் பதிந்து அனுப்பினர். இரு பிரிவினருக்கும் அடிப்படை மருத்துவ சேவை ஒன்றே. மருத்துவமனைச் சேர்க்கை தள்ளிப்போகவில்லை. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு 166 பேரிடம் கைக்கணினிச் செயலியைச் சோதித்தபோதும், முதன்மை அளவுகோலான நோய் சார்ந்த வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை; பொது உடல்நல மதிப்பீட்டில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டது.

இவற்றிலிருந்து செயலிகள் பயனற்றவை என்ற முடிவுக்கு வருவது பிழை. லோதியன் ஆய்வின் அமைப்பே விடையைச் சொல்கிறது: இரு பிரிவினருக்கும் ஒரே தரமான சேவை கிடைத்தபோது, அதன்மீது எண்களின் ஓட்டத்தைக் கூட்டுவதால் பெரிய மாற்றம் இல்லை. கியூபெக்கில் மாற்றம் வந்தது கூடுதலாக ஒரு மனிதர் வந்ததால். படைவீரர் ஆய்வோ, மனிதரும் திட்டமும் இருந்தால்கூட விளைவை முன்கூட்டியே உறுதி சொல்ல இயலாது என எச்சரிக்கிறது. ஆகையால் செயலி ஒவ்வொன்றும் மருந்தைப் போலவே சோதிக்கப்பட வேண்டும். பதிவிறக்க எண்ணிக்கை அச்சோதனைக்கு ஈடாகாது.

6. இந்தியாவில் இக்கேள்வி

2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான மாநிலவாரிக் கணக்கீட்டின்படி, இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளோர் எண்ணிக்கை 1990இல் 2.81 கோடி, 2016இல் 5.53 கோடி. இந்நோய்ச் சுமையில் பாதிக்கும் மேற்பட்ட பங்குக்குக் காற்று மாசும், ஏறத்தாழ கால் பங்குக்குப் புகையிலையும் காரணமாகக் கணிக்கப்பட்டன. மேற்கத்திய நாடுகளில் உருவான செயலிகளின் நோயாளி பெரும்பாலும் புகைபிடித்தவர், அல்லது அதைக் கைவிட முயல்பவர். இந்திய நோயாளி பல நேரங்களில் அடுப்புக்கு முன் அமர்ந்தவர்.

இதை நம் மருத்துவர்கள் வெகுகாலம் முன்பே கண்டிருந்தனர். தமிழ்க் குடும்பத்தில் பர்மாவில் பிறந்து, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநராக விளங்கிய எஸ். பத்மாவதி, எஸ். என். பாதக்குடன் சேர்ந்து 1959இல் டெல்லி நோயாளிகள் 127 பேரைப் பற்றி எழுதினார். நுரையீரல் நோய் முற்றி இதயம் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள். புகைபிடிக்காத பெண்களிடையே இந்நோய் இத்தனை பரவலாக இருப்பதற்குச் சமையல் புகையே காரணமாகலாம் என்ற ஐயம் அவ்வாய்வுகளில் எழுந்தது. 1983இல் கர்க் ஸ்மித், அகர்வால், தவே ஆகியோர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே அளவிகளைப் பொருத்தி அவர்கள் சுவாசித்த புகையை அளந்து காட்டினர். அதுவும் கைக்கடங்கிய அளவிதான். ஆனால் அந்த எண் அப்பெண்ணிடம் ‘நீ உன்னைத் திருத்திக்கொள்’ என்று சொல்லவில்லை. அடுப்பையும் எரிபொருளையும் மாற்றுங்கள் என்று அரசிடம் பேசியது.

இங்கேதான் செயலியின் அறிவுரை சிக்கலாகிறது. 2015இல் நடைமுறைக்கு வந்த தேசியக் காற்றுத் தரக் குறியீடு ஆறு நிறங்களில் அன்றைய காற்றைச் சொல்கிறது. சிவப்பு நாளில் வெளியே செல்வதைத் தவிர்க்கச் சொல்வது சரியான அறிவுரை. டெல்லியில் ரிக்‌ஷா மிதிப்பவரும் கட்டடத் தொழிலாளியும் அதைப் பின்பற்றினால் அன்றைய கூலியை இழப்பர். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21), சமையலுக்குத் தூய எரிபொருள் பயன்படுத்தும் கிராமப்புறக் குடும்பங்கள் 43 விழுக்காடு மட்டுமே. அதே கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் கிராமங்களில் 47 விழுக்காட்டுக்கும் குறைவு. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் நாடு முழுவதும் மூன்றில் ஒரு பங்கினர். அதாவது, அடுப்புப் புகையில் இருப்பவரும் செயலி சென்று சேராதவரும் பெரும்பாலும் ஒருவரே.

செயல்வழி இல்லாத எண் என்ன செய்யும் என்பதை நாம் 2021இல் நேரில் கண்டோம். கொரோனாப் பெருந்தொற்றின்போது லட்சக்கணக்கான குடும்பங்கள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வாங்கி, 94 என்னும் எண்ணின் பொருளைக் கற்றுக்கொண்டன. தன் அளவீட்டுக் கல்வி இவ்வளவு விரைவாக, இவ்வளவு பரவலாக நடந்ததற்கு இந்திய வரலாற்றில் முன்னுதாரணம் காண்பது அரிது. முதல் அலையில் அந்த எண் பலரைக் காலத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. இரண்டாம் அலையில் அதே எண் சரியாகவே சரிவைக் காட்டியது. படுக்கையும் ஆக்சிஜனும்தாம் இல்லை. கருவி பிழை செய்யவில்லை; மக்களும் அறியாமல் இருக்கவில்லை.

7. ஆய்வாளர்க்கு எஞ்சும் வினாக்கள்

இவ்வரலாற்றில் மூச்சின் எண் இரு திசைகளில் பயணித்திருக்கிறது. ஒன்று, அளக்கப்படுபவரிடமிருந்து நிறுவனத்தை நோக்கி: காப்பீட்டு அலுவலகம், படைச் சேர்க்கை, மாத்திரை எண்ணும் வருகை. மற்றொன்று, அளப்பவரிடமே திரும்பி அவர் செயலுக்கு வழிவிடுவது: விடியற்காலை வரைபடம், கடனட்டை அளவிலான திட்டம். திறன்பேசி இவ்விரண்டையும் ஒரே பொருளில் அடக்கிவிட்டதால், எது எங்கே முடிகிறது என்பது பயனருக்குத் தெரியாமல் போகிறது. மூச்சளவு மருத்துவருக்குச் செல்வது ஒன்று. அது காப்பீட்டாளருக்கும் வணிக நிறுவனத்துக்கும் செல்லுமானால் நாம் மீண்டும் 1846க்கே வந்து நிற்போம்.

எனவே இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்கள், செயலியின் துல்லியம், பயன்பாட்டு எளிமை ஆகியவற்றோடு சில வினாக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்த எண்ணை யார் பார்க்கிறார்கள், அது நோயாளிக்குத் தெரியுமா? மஞ்சள் நிறம் தோன்றும்போது எடுக்க வேண்டிய மருந்து அவர் வீட்டிலோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருக்கிறதா? மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்க அவருக்கு உரிமை தரப்பட்டுள்ளதா? சிவப்பு நிறம் தோன்றும்போது அழைத்தால் எடுக்கும் மனிதர் ஒருவர் உண்டா? குடும்பத்தில் பேசி யாருடையது, ஊதுபவர் யார்? நோயின் காரணம் அவர் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தால், அந்த எண்களைத் திரட்டி உள்ளாட்சிக்கும் அரசுக்கும் எடுத்துச் செல்ல வழி இருக்கிறதா?

சென்னையின் 1959ஆம் ஆண்டு ஆய்வு, ஏழையின் வீட்டையும் மருத்துவத்துக்கு உரிய இடமாக நம்பத் துணிந்தது. அந்த நம்பிக்கை வெறும் அறிவுரையாக அமையவில்லை; ஓராண்டுக்கான மருந்தும், வீடு தேடி வந்த பணியாளர்களும், பொறுப்பேற்ற ஒரு மையமும் அதற்குப் பின்னால் இருந்தன. செயலியை நோயாளியின் கையில் கொடுக்கும் அரசும் நிறுவனமும் அதற்குக் குறைவான பொறுப்பை ஏற்றுக்கொண்டு, அதைத் தன்மேலாண்மை என்று அழைக்க இயலாது.

துறைசார் நண்பர்கள், குறிப்பாக மாவட்ட மருத்துவமனைகளிலும் களப்பணியிலும் இருப்போர், தங்கள் அனுபவத்தையும் மாற்றுக் கருத்தையும் கீழே பதிந்தால் நன்றியுடையவனாவேன்.